டீசல் வண்டி வழியில் நின்றால்



ராத்திரியில் பிள்ளைப்பேறு, பாம்புக்கடி என்றால் பல தோட்டங்களில் ஆஸ்பத்திரிக்குப் போக ஒரே ஒரு டீசல் பிக்கப்தான் உண்டு. அது ஏற்றத்தில் நின்றுபோனால் உயிருக்கே ஆபத்து. நாமோ உடனே "பம்பு போச்சு" என்று சொல்லிவிடுகிறோம். பல தடவை பம்பில் குறையே இருக்காது. காற்று, தண்ணீர், அழுக்கு, இந்த மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

பம்பை உண்மையில் கெடுப்பது எது? இதை யாழ்ப்பாணத்து மக்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். 1990இல் யுத்தம் மூண்டு பொருளாதாரத் தடை வந்தபோது, பெற்றோல், டீசல் எல்லாம் அங்கே அருமைப் பொருளாகிவிட்டன. தொழில்நுட்பக் கல்லூரி இருக்கும் கொக்குவில் முதலாகக் குடாநாடு எங்கும், பழைய கார்கள் சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடின. டீசல் என்ஜினுக்கு மண்ணெண்ணெயோடு வேறு எண்ணெயும் கலக்க வேண்டியிருந்தது. ஏனென்றால் பம்பிலும் இன்ஜெக்டரிலும் உராயும் பாகங்களுக்கு வழுவழுப்புக் கொடுப்பது டீசல்தான். மண்ணெண்ணெயில் அது குறைவு. வேறு வழியில்லாமல் அவர்கள் செய்ததை, விலை குறைவென்று நாம் செய்தால் பம்பு தேய்ந்துபோகும்.

வண்டி நின்றால் இந்த ஒழுங்கில் பாருங்கள்:

1. டாங்கில் டீசல் இருக்கிறதா? மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கலாம்.

2. பில்டரின் அடியிலுள்ள திருகை இளக்கி, ஒரு போத்தலில் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தங்கும். சுத்த டீசல் வரும்வரை விடுங்கள்.

3. ஹோஸில் வெடிப்பு, கிளிப்பில் தளர்வு இருக்கிறதா? டீசல் கசியாத இடத்திலும் காற்று உள்ளே போகும். ஸ்டார்ட் ஆகிக் கொஞ்சத்தில் நின்றால் இதைச் சந்தேகியுங்கள்.

4. மட்டத்தில் ஓடி, ஏற்றத்தில் இழுக்காவிட்டால் பில்டர் அடைத்திருக்கலாம். மாற்றுங்கள்.

5. பிறகு காற்று எடுங்கள். பில்டர் மேலுள்ள திருகை இளக்கி, கைப்பம்பை அமுக்குங்கள். குமிழி இல்லாமல் டீசல் வந்ததும் இறுக்குங்கள்.

இவ்வளவும் பார்த்தும் ஓடாவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: புது மாதிரி 'கொமன் ரெயில்' வண்டிகளில் இன்ஜெக்டர் குழாயை இளக்கவே வேண்டாம். உள்ளே 1,000 பாருக்கு மேல் அழுத்தம் இருக்கும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்துவிடும். ஊசி குத்தின மாதிரிதானே என்று இருக்காமல், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மலைநாட்டுக் குளிரில் பாதி காலியான டாங்கில் ஈரம் சேர்ந்து தண்ணீராகும். 2022 தட்டுப்பாட்டில் கேன்களில் சேர்த்து வைத்தது போல வைத்தாலும் தண்ணீரும் தூசியும் சேரும். ஆகவே சாரதிமார் சாயங்காலமே டாங்கை நிரப்பி வையுங்கள். புது பில்டர் ஒன்று, ஸ்பனர், டோர்ச் லைட் எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.