இயங்க மறுக்கும் குளிர்சாதனம்

டில்லியிலும் நாகபுரியிலும் ஜெய்ப்பூரிலும் வாழும் நம்மவர்க்குச் சித்திரை பிறக்கும்போதே ஒரு கவலையும் உடன் பிறக்கிறது. மாலையில் கடற்காற்று வந்து ஆற்றும் சென்னை வெயில் வேறு. இரவு 10 மணிக்கும் சுவர் சுடும் வடநாட்டு வெயில் வேறு. 'லூ' என்று அப்பகுதியினர் வழங்கும் அனற்காற்று வீசும் நாட்களில், முதியவரும் கைக்குழந்தையும் உள்ள வீட்டில் குளிர்சாதனத்தை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது. கார்த்திகை முதல் பங்குனி வரை வாளாவிருந்த அந்த யந்திரம், வேண்டிய நாளில் விளக்கும் எரியாமல் விசிறியும் சுழலாமல் மௌனம் சாதித்தால் என் செய்வது?

மெக்கானிக்கை அழைக்கலாம். ஆனால் ஊரே அவரை அழைக்கும் பருவம் அது. ஆகவே அவருக்குச் சொல்லி அனுப்புமுன் சிறிது ஆராய்ந்து பார்ப்பது நலம். சற்றும் உயிர்க்குறி காட்டாத குளிர்சாதனத்தில், பல வேளைகளில் யந்திரம் பழுதாகியிராது. மின்சாரந்தான் அதனிடம் வந்து சேர்ந்திராது. கடைமடைக்கு நீர் வராவிட்டால் உழவர் வயலைக் குறை கூறுவதில்லை. வாய்க்கால் வழியே நடந்து சென்று உடைப்பு எங்கே என்று பார்க்கிறார். நாமும் மீட்டரிலிருந்து யந்திரம் வரை அவ்வாறே நடந்து பார்ப்போம்.

வீட்டில் விளக்கு எரிகிறது, ஆகையால் மின்சாரம் இருக்கிறது என்று முடிவு செய்துவிடலாகாது. மும்முனை இணைப்புள்ள வீடுகளில் விளக்குகள் ஒரு முனையிலும் குளிர்சாதனம் மற்றொரு முனையிலும் இருக்கும். ஒரு முனை மட்டும் அற்றுப்போனால் கூடத்தில் வெளிச்சம் இருக்கும். படுக்கையறை யந்திரம் அசையாது. நொய்டா, குருகிராம் போன்ற இடங்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இன்னொரு விஷயமும் உண்டு. மின்வெட்டின்போது பொது ஜெனரேட்டர் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அளவு மின்விசையே தரும். அவ்வளவைத் தாண்டினால் இணைப்பு அறுபடும். இது குடியிருப்பின் ஏற்பாடு. இதற்காக யந்திரத்தைப் பிரித்துப் பார்ப்பதில் பயனில்லை.

அடுத்து, மின்பலகையில் உள்ள எம்.ஸி.பி. என்னும் காப்பு ஸ்விட்சு. அதன் நெம்புகோல் கீழே விழுந்தோ நடுவில் நின்றோ இருந்தால், முதலில் குளிர்சாதனத்தின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். பின்னர் நெம்புகோலை முழுவதும் கீழே தள்ளி, அதன்பின் மேலே தூக்குங்கள். பிளக் இல்லாதபோதே அது மீண்டும் விழுந்தால் கோளாறு வீட்டின் கம்பிகளில் உள்ளது. பிளக்கைச் செருகி யந்திரத்தை முடுக்கும்போது மட்டும் விழுந்தால், யந்திரத்தையோ இடையிலுள்ள ஸ்டெபிலைசரையோ ஐயுற வேண்டும். வாடகை வீட்டில் குடியிருப்போர் இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்துவது நன்று. கம்பிகளைச் செப்பனிடுவது பெரும்பாலும் வீட்டுக்காரர் பொறுப்பு, யந்திரம் நம்முடையது. மொழி முற்றும் வசப்படாத ஊரில் பாதி வழக்கு இதனால் தீர்ந்துவிடும். இரண்டாம் முறை விழுந்த ஸ்விட்சை மூன்றாம் முறை தூக்க வேண்டா. அது எதையோ கண்டுதான் விழுகிறது. பழைய வீடுகளில் பியூஸ் கம்பிக்குப் பதில் தடித்த கம்பியைச் சுற்றிவிடும் வழக்கமும் உண்டு; அதைவிடக் கொடிய சிக்கனம் பிறிதில்லை.

பிளக்கும் அது செருகப்படும் சாக்கெட்டும் கருகியோ இளகியோ இருக்கின்றனவா என்று பாருங்கள். 1.5 டன் குளிர்சாதனம் ஏறத்தாழ 1,500 வாட் மின்விசை கொள்வது. 230 வோல்டில் அது 6 ஆம்பியரைக் கடந்துவிடுவதால், அதற்கு 16 ஆம்பியர் சாக்கெட் இன்றியமையாதது. சாதாரண நீட்டிப்புக் கம்பியில் இணைத்து ஓட்டுவது தீயை விலைக்கு வாங்குவதாகும். டெஸ்டரைச் செருகி, விளக்கு எரிகிறது, ஆகவே குறையில்லை என்று சிலர் சொல்வதுண்டு. டெஸ்டர் மின்சாரம் வரும் கம்பியை மட்டுமே காட்டும். அது திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பி அறுந்திருப்பதைக் காட்டாது. மும்முனை வீட்டில் நியூட்ரல் அறுந்தால் சில விளக்குகள் மங்கும், சில வழக்கத்துக்கு மேல் பிரகாசிக்கும். அக்கணமே மெயின் ஸ்விட்சை அணைத்துவிட வேண்டும். தாமதித்தால் வீட்டிலுள்ள சாதனங்கள் யாவும் கெடும்.

ஸ்டெபிலைசர் உள்ள வீடுகளில் பொறுமையும் ஒரு கருவி. கம்ப்ரஸர் நின்றவுடன் அதன் இரு பக்கத்து அழுத்தங்களும் சமநிலைக்கு வரச் சிறிது நேரம் பிடிக்கும். அதற்குள் மீண்டும் முடுக்கினால் அது திணறும். ஆதலால் பல ஸ்டெபிலைசர்கள் மின்சாரம் வந்தபின் சுமார் 3 நிமிடம் கழித்தே அதை யந்திரத்துக்கு விடுகின்றன. இதையறியாமல் அணைத்து அணைத்துப் போடுவோர், ஒவ்வொரு முறையும் அந்த 3 நிமிடத்தைப் புதிதாகத் தொடங்கி வைக்கிறார்கள். கோடை மாலைகளில் வோல்டேஜ் மிகத் தாழ்ந்தாலும் ஸ்டெபிலைசர் மின்சாரத்தை நிறுத்தி வைக்கும்; அது கோளாறன்று, காவல்.

இவ்வளவும் சரியாக இருந்தால் கையிலுள்ள ரிமோட்டைக் கவனிப்போம். குளிர்காலம் முழுதும் உள்ளே கிடந்த பாட்டரிகள் கசிந்து, முனைகளில் வெண்மையாகப் பூத்திருக்கக் கூடும். துடைத்துப் புதியன இடுக. ரிமோட் வீசும் கதிர் கண்ணுக்குத் தெரியாதது. ஆயினும் பல கைப்பேசிகளின் காமிராவில் ஊதா ஒளியாகத் தெரியும். முதலில் நன்றாக வேலை செய்யும் டெலிவிஷன் ரிமோட்டைக் காட்டி, உங்கள் காமிரா அதைக் காணவல்லதா என்று அறிந்துகொள்ளுங்கள். பல யந்திரங்களில் முன்மூடியைத் தூக்கினால் ஒரு சிறு பொத்தான் இருக்கும். அதை அழுத்த யந்திரம் ஓடினால் குற்றம் ரிமோட்டினுடையதே. விசிறி ஓடியும் கம்ப்ரஸர் தொடங்காவிட்டால், வைத்திருக்கும் வெப்பநிலையைப் பாருங்கள். நட்சத்திரக் குறியுடன் விற்கும் அறைக் குளிர்சாதனங்கள் முதலில் 24 டிகிரியில் நிற்க வேண்டும் என்பது 2020 ஜனவரி முதல் விதி. அறையே 23 டிகிரியில் இருக்கும் பங்குனிக் காலையில் அது குளிரூட்ட மறுப்பது நியாயந்தான்.

இதற்கப்பால் நாம் செல்லலாகாது. வெளியே உள்ள பெட்டியில் புறா கூடு கட்டியிருக்கலாம். மின்னணுப் பலகையில் பல்லி சிக்கி இறந்திருக்கலாம். எலி கம்பியைக் கடித்திருக்கலாம். மும்பையிலும் கொல்கத்தாவிலும் ஈரக்காற்று இணைப்புகளை அரித்திருக்கலாம். அவற்றைப் பார்க்க மூடியைத் திறப்பது பயிற்சி பெற்றவர் வேலை. அதனுள் கெப்பாசிட்டர் என்னும் உறுப்பு இருக்கிறது. பிளக்கைக் கழற்றிய பின்னும் அது மின்சாரத்தைத் தேக்கி வைத்திருந்து, தொட்டவரைத் தாக்கவல்லது. மேலும் அப்பெட்டி பெரும்பாலும் சன்னலுக்கு வெளியே அந்தரத்தில் தொங்குவது.

மெக்கானிக்கிடம் குறையை எப்படிச் சொல்வது என்பதிலும் பணம் இருக்கிறது. "ஏ.ஸி. சாலூ நஹீ ஹோ ரஹா" என்றால் யந்திரம் தொடங்கவேயில்லை என்று பொருள், "டண்டா நஹீ கர் ரஹா" என்றால் ஓடுகிறது, குளிரவில்லை என்று பொருள். முதலாவதைச் சொல்ல வேண்டிய இடத்தில் இரண்டாவதைச் சொல்லிவிட்டால், வாயு குறைந்துவிட்டது என்ற பதில் ஆயத்தமாக இருக்கும். வாயு குறைந்த யந்திரம் சாதாரணமாக விளக்கெரிந்து, விசிறி சுழன்று, குளிர் மட்டும் தராமல் நிற்கும். சிலவற்றில் பிழைக்குறி எண் தோன்றும். அறவே ஒளியற்றுக் கிடக்கும் யந்திரத்துக்கு வாயு நிரப்பச் சொல்பவரிடம், முதலில் மின்சாரம் உள்ளே வருகிறதா என்று மீட்டர் வைத்துக் காட்டும்படி கேட்க நமக்கு உரிமை உண்டு.

அவர் வரும் வரையில் முதியவரைத் தரைத்தளத்தில் உள்ள அயலார் வீட்டிலோ, வெயில் படாத அறையிலோ இருத்தி, அடிக்கடி நீர் அருந்தச் செய்யுங்கள். டில்லி, ராஜஸ்தானத்து உலர்ந்த வெயிலில் சன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டி நீர் தெளித்தால் அறை நன்கு தணியும். அங்கே அதை 'கஸ்' என்று கேட்டு வாங்க வேண்டும். காற்றே ஈரமாயுள்ள மும்பையில் அதனால் பயனில்லை. உடல் நெருப்பாய்ச் சுட்டு, பேச்சுக் குழறி, நினைவு தடுமாறினால், மெக்கானிக்குக்காகக் காத்திராமல் ஈரத்துணியால் உடலைக் குளிர்வித்துக்கொண்டே 112 என்ற எண்ணுக்கு உடனே பேசுங்கள்.