ஜிம், மலையேற்றம், ஒரே மாடி: அமெரிக்கக் கல்லூரி விடுதிகளில் ‘தீம்’ எதுக்கு?

அமெரிக்கக் கல்லூரியில் இடம் கிடைத்த மாணவருக்கு அடுத்து வருவது விடுதி விண்ணப்பம். ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குவீர்கள், அறையைச் சுத்தமாக வைப்பீர்களா என்றெல்லாம் கேட்டுவிட்டு, பல பல்கலைக்கழகங்கள் இன்னொன்றையும் கேட்கின்றன: ‘எந்த மாதிரி மாடியில் தங்க விருப்பம்?’ இன்ஜினீயரிங் மாடி, இசை மாடி, மொழி மாடி என்று நீளும் பட்டியலில் விளையாட்டும் மலையேற்றமும் விரும்புபவர்களுக்கென்று ஒரு மாடியும் இருக்கும்.

கேட்க ஜாலியாகத்தான் இருக்கிறது. ஆனால் இதன் பின்னால் இருப்பது சீரியஸான கேள்வி. வீட்டை விட்டு முதல் முறை வெளியே வரும் 18 வயதுப் பிள்ளையை, முதல் வருஷத்திலேயே உடைந்துபோகாமல் எப்படிக் காப்பாற்றுவது?

அது என்ன ‘தீம்’ மாடி?

இதற்கு அங்கே ‘லிவிங்-லேர்னிங் கம்யூனிட்டி’ என்று பெயர். சுருக்கமாக எல்.எல்.சி. ஒரே ஆர்வம் உள்ள மாணவர்களை ஒரே மாடியிலோ ஒரே கட்டடத்திலோ தங்கவைப்பார்கள். பெரும்பாலும் எல்லோரும் சேர்ந்து படிக்க ஒரு பொதுப் பாடமும் இருக்கும். மாடியைக் கவனித்துக்கொள்ள ‘ஆர்.ஏ.’ என்ற சீனியர் மாணவர் அங்கேயே தங்கியிருப்பார். ஒரு பேராசிரியரோ அலுவலரோ அவ்வப்போது வந்துபோவார்.

பொழுதுபோக்கு, விளையாட்டு சார்ந்த மாடி என்றால் வார இறுதியில் மலையேற்றம், படகு, செயற்கைப் பாறைச் சுவர் ஏறுதல், சாயங்காலம் வாலிபால் மேட்ச் என்று போகும். பல்கலைக்கழக அணியில் ஆடும் அளவுக்குத் திறமை வேண்டியதில்லை. ‘வர்றியா?’ என்று கேட்க நாலு பேர் பக்கத்து அறையிலேயே இருப்பதுதான் இதில் விசேஷம்.

ஏன் முதலாண்டு மாணவர்களுக்கு?

கல்லூரியைப் பாதியில் விடுவது பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்த வின்சென்ட் டின்ட்டோ, 1987-ல் வெளியான தன் புத்தகத்தில் இதைப் பேசுகிறார். படிப்பு ஏறாததால் மட்டும் ஒருவர் போவதில்லை. ‘இது நம்ம இடம்’ என்ற உணர்வு வராததாலும் போகிறார் என்பது அவர் வாதத்தின் சாரம்.

அடுத்தது குடி. அமெரிக்காவில் மது வாங்கச் சட்டப்படி 21 வயதாக வேண்டும். ஆனாலும் முதலாண்டின் முதல் ஆறு வாரங்கள்தான் அளவுக்கு மீறிய குடிக்கு ஆபத்தான காலம் என்று அந்நாட்டு அரசின் மது ஆய்வு நிறுவனமே எச்சரிக்கிறது. தெரியாத ஊர், தெரியாத முகங்கள். பார்ட்டிக்குப் போனால்தான் நண்பர்கள் கிடைப்பார்கள் என்று தோன்றுகிற நேரம் அது. சனிக்கிழமை காலை மலையேறப் போக வேண்டும் என்றிருந்தால் வெள்ளி ராத்திரிக்கு வேறு கணக்கு வந்துவிடும் என்பதுதான் இந்த மாடிகளின் எளிய லாஜிக்.

‘ஃப்ரெஷ்மேன் 15’ என்ற பயமும் உண்டு. முதல் வருஷத்தில் 15 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 7 கிலோ எடை ஏறும் என்ற நம்பிக்கை. இதில் பாதிக்கு மேல் கட்டுக்கதை. 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், சராசரியாக ஏறியது 1 முதல் 1.5 கிலோதான்.

வெர்மான்ட்டில் என்ன செய்தார்கள்?

இந்த யோசனையைப் பெரிய அளவில் செய்துபார்த்த இடம் வெர்மான்ட் பல்கலைக்கழகம். குழந்தைகள் மனநல மருத்துவரான ஜேம்ஸ் ஹுட்ஸியாக், 2015-ல் அங்கே ‘வெல்னஸ் என்விரான்மென்ட்’ என்ற விடுதித் திட்டத்தைத் தொடங்கினார். உடற்பயிற்சி, உணவு, மன ஒருமைப் பயிற்சி, வழிகாட்டுதல் ஆகிய நான்கும் அதன் தூண்கள். மதுவுக்கும் போதைப்பொருளுக்கும் அங்கே இடமில்லை. மூளையும் உடலும் பற்றிய ஒரு பாடத்தையும் மாணவர்கள் படிக்க வேண்டும்.

மூளை 20 வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் ‘இதைச் செய்யாதே, அதைச் செய்யாதே’ என்று மிரட்டுவதைவிட, நல்ல பழக்கத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் வைப்பது பலன் தரும் என்பது ஹுட்ஸியாக்கின் அணுகுமுறை.

இது புது ஐடியாவா?

இல்லை. தங்குமிடத்தையே வகுப்பறையாக்கும் முயற்சி 1927-லேயே நடந்தது. அலெக்சாண்டர் மைக்கல்ஜான் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘எக்ஸ்பெரிமென்டல் காலேஜ்’ மாணவர்கள் ஒரே விடுதியில் தங்கி, ஒரே பாடத்தைச் சேர்ந்து படித்தார்கள். 1932-ல் அது மூடப்பட்டது; யோசனை மட்டும் தங்கிவிட்டது. டார்ட்மவுத் கல்லூரியோ 1935-லிருந்து புதிய மாணவர்களை வெளிப்புறப் பயணங்களுக்கு அழைத்துப்போகிறது. கூடாரமும் சமையலும் பகிர்ந்துகொண்டவர்களுக்குக் கல்லூரி திறக்கும்போதே நாலு முகங்கள் பழகியிருக்கும்.

நிஜமாவே பலன் இருக்கா?

இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். ‘எங்கள் மாடி மாணவர்கள் நன்றாகப் படிக்கிறார்கள், குறைவாகக் குடிக்கிறார்கள்’ என்று ஒரு கல்லூரி சொன்னால் உடனே நம்பிவிட முடியாது. காலையில் ஓடும் பழக்கம் ஏற்கெனவே உள்ளவர்தான் அந்த மாடியைக் கேட்டு வாங்குகிறார். மாடி அவரை மாற்றியதா, மாறத் தேவையில்லாதவர்களே அங்கே வந்தார்களா என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

இந்தச் சிக்கல் இல்லாத ஓர் இடம் அமெரிக்க விமானப்படை அகாடமி. அங்கே மாணவர்கள் தங்கள் பிரிவைத் தேர்ந்தெடுக்க முடியாது. குலுக்கல் போலத்தான் பிரிக்கப்படுகிறார்கள். அதை வைத்துப் பொருளாதார வல்லுநர்கள் கேரல், ஹூக்ஸ்ட்ரா, வெஸ்ட் ஆகியோர் செய்த ஆய்வு 2011-ல் வெளியானது. கூட இருப்பவர்களின் உடல்தகுதி நம்மையும் ஒட்டிக்கொள்கிறது என்பது முடிவு. அதிலும் தகுதி மிகக் குறைவான நண்பர்களின் தாக்கம்தான் மிக அதிகம்.

இதைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். ஓடுகிறவர்கள் எல்லோரையும் ஒரு மாடிக்கு அனுப்பிவிட்டால் மற்ற மாடிகளில் யார் மிஞ்சுவார்கள்? யாராவது ஒருத்தர் இழுத்துக்கொண்டு போனால் மட்டுமே மைதானத்துக்குப் போகிற பையனை இனி யார் கூப்பிடுவார்கள்? உதவி அதிகம் தேவைப்படுபவருக்கு அது குறைவாகக் கிடைக்கும் ஆபத்து இதில் இருக்கிறது.

பணம் இன்னொரு தடை. நல்ல ஷூ, மழைக்கோட்டு, பனிச்சறுக்குச் சாமான் எல்லாம் செலவு. கல்லூரி வாடகைக்கோ இலவசமாகவோ தராவிட்டால், ‘விருப்பம் உள்ளவர்கள் மாடி’ மெல்ல ‘வசதி உள்ளவர்கள் மாடி’ ஆகிவிடும். ஒரே மாதிரி ஆட்களோடு மட்டும் பழகுவது நல்லதா என்ற கேள்வியும் உண்டு. டியூக் பல்கலைக்கழகம் 2018-ல் எதிர்த் திசையில் போனது: முதலாண்டு மாணவர்கள் அறைத்தோழரைத் தாங்களே தேர்ந்தெடுப்பதை நிறுத்தி, கல்லூரியே கலந்து ஒதுக்கத் தொடங்கியது.

உங்கள் வீட்டிலிருந்து யாராவது போகிறார்களா?

தம்பியோ தங்கையோ இளங்கலை படிக்க அமெரிக்கா போவதாக இருந்தால், விடுதி விண்ணப்பத்தை ‘அப்புறம் பாத்துக்கலாம்’ என்று விட வேண்டாம். கல்லூரிக்கு மெயில் அனுப்பி இவற்றைக் கேளுங்கள்:

• இந்த மாடிக்குத் தனிக் கட்டணம் உண்டா? சாமான்கள் கிடைக்குமா, நாமே வாங்க வேண்டுமா?

• நீச்சலோ சைக்கிளோ தெரியாதவர்களுக்குச் சொல்லித் தருவார்களா?

• கட்டாயப் பாடம் இருந்தால் அந்த கிரெடிட் டிகிரிக்குக் கணக்காகுமா?

• பாதியில் பிடிக்காமல் போனால் வேறு அறைக்கு மாற முடியுமா?

• நீண்ட விடுமுறையில் விடுதி திறந்திருக்குமா? ஊருக்கு வர முடியாத வெளிநாட்டு மாணவருக்கு இது பெரிய விஷயம்.

பதிலை வைத்து முடிவெடுக்கலாம். தீம் மாடி கிடைக்காவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை. எந்த மாடியில் தங்கினாலும், போன முதல் வாரத்திலேயே ஏதாவது ஒரு குழுவில் பேர் கொடுக்கச் சொல்லுங்கள். கிரிக்கெட்டோ நடைப்பயணமோ, எதுவானாலும் சரி. சனிக்கிழமை காலையில் கதவைத் தட்டிக் கூப்பிட ஒரு ஆள் இருந்தால் முதல் வருஷத்தில் பாதிப் பாரம் குறைந்துவிடும்.