கடைசிக் கையில் உள்ள கடிதம்

வந்தவாசிப் பக்கத்திலிருந்து வந்து முலுண்டில் பாத்திரக்கடை வைத்து நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. அறுபது கடந்த எனக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுத்த குரு என் பேரன். ஒருநாள் அவன், "தாத்தா, டோர் வழியா போனா நாம யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாது. பேங்க் வேலையைக்கூட அதுலயே பாக்கலாம்" என்றான். முதல் பாதி பெரும்பாலும் சரி. இரண்டாம் பாதி சரியில்லை. படித்து அறிந்த காரணத்தை அன்பர்களுக்குச் சொல்கிறேன்.

டோர் என்பது அடையாளம் மறைத்து இணையத்தில் உலவ உதவும் வலை. அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் 1990-களில் பிறந்த கருத்து. இன்று பல நாட்டுத் தன்னார்வலர்கள் தங்கள் சர்வர்களை இதற்குத் தருகிறார்கள். நம் வணிகர்களுக்குப் புரியும்படி சொன்னால், அங்காடியா கடிதம் கொண்டுபோவதைப் போன்றது. ஆனால் இங்கே உறைக்குள் உறையாக மூன்று உறைகள், மூன்று ஆட்கள். முதல் ஆளுக்கு அனுப்பியவரைத் தெரியும், போகுமிடம் தெரியாது. நடு ஆளுக்கு இரண்டுமே தெரியாது. கடைசி ஆளுக்குப் போகுமிடம் தெரியும், அனுப்பியவரைத் தெரியாது. ஆனால் உள்ளிருக்கும் கடிதத்தை நாம் தனியே பூட்டவில்லை என்றால், அவர் அதைப் படித்துவிடலாம்!

இது வெறும் கற்பனை அல்ல. ஸ்வீடனைச் சேர்ந்த டான் எகர்ஸ்டாட் என்னும் பாதுகாப்பு ஆலோசகர் 2007-இல் இத்தகைய கடைசிச் சர்வர்கள் ஐந்தை நடத்தி, வழியில் போனதைக் கவனித்தார். எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டு இறுதியில் 100 மின்னஞ்சல் கணக்குகளின் கடவுச்சொற்களை வெளியிட்டார். அவற்றில் இந்தியத் தூதரகங்களின் கணக்குகளும், புனே அருகே கடக்வாஸ்லாவிலுள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமியின் கணக்கும் இருந்தன. அவற்றை டோர் வழியே திறந்தவர்கள் உரியவர்கள்தானா, முன்பே கடவுச்சொல்லைத் திருடியவர்களா என்ற ஐயத்தையும் அவரே பின்னர் எழுப்பினார். எப்படியானாலும் பூட்டாத கடிதம் படிக்கப்பட்டது.

அதோடு முடியவில்லை. பயனாளிகளின் அடையாளத்தையே கண்டுபிடிக்க முயன்ற 115 சர்வர்களை டோர் அமைப்பு 2014 ஜூலை 4-இல் நீக்கியது. 2020 மே மாதம் கடைசிச் சர்வர்களின் மொத்தத் திறனில் 23 விழுக்காடு வரை ஒரே தீய கூட்டத்தின் கையில் இருந்தது. பிட்காயின் தளங்களுக்குப் போகிறவர்களின் பூட்டைக் கழற்றிப் பணத்தைத் திருப்பிவிடுவதே அவர்கள் நோக்கம். இதற்கெல்லாம் பிறகு, 2022 முதல் டோர் உலாவி பூட்டில்லாத தளத்தைத் திறக்குமுன் எச்சரிக்கிறது.

ஆகவே டோர் கெட்டதென்று சொல்லவில்லை. உயிருக்கு அஞ்சும் பத்திரிகையாளர்களுக்கு அது பெரிய துணை. ஆனால் ஆளை மறைப்பது வேறு, சொல்லை மறைப்பது வேறு. பூட்டுப் போடுவது நம் பொறுப்பு. எச்சரிக்கை வந்தால் மேலே போகக்கூடாது.

பேரனிடம் நான் கேட்டது இவ்வளவுதான்: "பேங்குக்கு நாம யாருன்னு தெரிஞ்சே ஆகணும். அங்க போக முகமூடி எதுக்குடா? வழியில முகம் தெரியாத மூணு பேர் எதுக்கு?"