கருவைக் கருப்பையில் வைக்கும் நாள்

ஐவிஎஃப் சிகிச்சை என்றாலே ஊசி, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று வாரக்கணக்கில் அலைச்சல்தான். கருமுட்டைகளை வெளியே எடுக்க மயக்க மருந்தும் அறுவை அரங்கமும் வேண்டும். ஆனால் இத்தனையும் எதற்காகவோ, அந்தக் கட்டம் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. பெரும்பாலும் மயக்க மருந்துகூடக் கிடையாது. ஆய்வகத்தில் உருவான கருவைக் கருப்பைக்குள் கொண்டுவைக்கும் இந்த வேலையை ஆஸ்பத்திரிகளில் 'டிரான்ஸ்ஃபர்' என்றே சொல்கிறார்கள்.

இது முயலில் தொடங்கிய கதை. 1890இல் இங்கிலாந்தின் வால்டர் ஹீப், அங்கோரா முயல் ஒன்றிலிருந்து இரண்டு கருக்களை எடுத்து, ஏற்கெனவே இணைசேர்ந்திருந்த பெல்ஜிய இனப் பெண்முயலுக்குள் வைத்தார். அது ஆறு குட்டிகள் போட்டது. நான்கு பெல்ஜியம், இரண்டு அங்கோரா. மனிதர்களிடம் இது பலிக்க 88 ஆண்டுகள் ஆயின. எட்டு செல் பருவத்தில் தாயின் கருப்பைக்குள் வைக்கப்பட்ட லூயிஸ் பிரவுன், 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்டாமில் பிறந்தார். அதே ஆண்டு அக்டோபர் 3இல் கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் 'துர்கா' பிறந்தாள். முகர்ஜி கருவை உடனே வைக்கவில்லை. உறையவைத்துப் பாதுகாத்து, பிறகு வந்த சுழற்சியில் வைத்தார். அரசு அமைத்த குழு அவரை நம்ப மறுத்தது. 1981இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அன்று யாரும் நம்பாத அந்த வழியைத்தான் இன்று உலகெங்கும் மருத்துவமனைகள் அன்றாடம் பின்பற்றுகின்றன.

காரணம் இருக்கிறது. நிறைய முட்டைகள் வளர்வதற்காகப் போடும் ஊசிகளால் ஹார்மோன் அளவு எகிறும்போது, கருப்பையின் உட்சவ்வு சில சமயம் கருவுக்கு ஈடாக வளராமல் முந்திக்கொள்ளும். சிலருக்குச் சினைப்பைகள் அளவுமீறித் தூண்டப்பட்டு வயிற்றில் நீர் சேரும் ஆபத்தும் உண்டு. ஆகவே கருவை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைத்துவிட்டு, உடல் தணிந்தபின் அழைக்கிறார்கள். ஈஸ்ட்ரோஜன் மாத்திரையால் உட்சவ்வு ஏழெட்டு மில்லிமீட்டர் தடித்ததும் புரோஜெஸ்டிரோன் தொடங்கும். ஐந்து நாள் வயதுக் கருவென்றால், கருப்பையும் ஏறக்குறைய ஐந்து நாள் புரோஜெஸ்டிரோன் பெற்றிருக்க வேண்டும். இந்த நாள்கணக்கு தவறினால் நல்ல கருவும் ஒட்டாமல் போகலாம். அதனால்தான் மருந்து தொடங்கும் நேரத்தில் டாக்டர்கள் அத்தனை கறாராக இருக்கிறார்கள்.

மூன்றாம் நாளில் கருவுக்கு ஆறிலிருந்து எட்டு செல்கள் இருக்கும். ஐந்தாம் நாளில் நூறைத் தொட்டு, நடுவே நீர் நிறைந்த பந்தாகியிருக்கும். இதற்கு பிளாஸ்டோசிஸ்ட் என்று பெயர். உள்ளே திரண்ட செல்கூட்டம் குழந்தையாகும், வெளிச்சுவர் நஞ்சுக்கொடியாகும். எத்தனை வைப்பது என்பதில் குடும்பங்களுக்கு ஓர் ஆசை: இரண்டாக வைத்தால் ஒன்றாவது நிற்கும், இரண்டும் நின்றால் ஒரே பிரசவத்தில் வேலை முடிந்தது. ஆனால் இரட்டைக் கர்ப்பத்தில் குறைப்பிரசவம், எடைக்குறைவு, தாய்க்கு ரத்தக்கொதிப்பு எல்லாமே கூடுதல். நல்ல பிளாஸ்டோசிஸ்ட் கையில் இருந்தால் ஒன்று போதும் என்று டாக்டர் சொல்வதைக் கேட்பதே நல்லது.

டிரான்ஸ்ஃபர் அன்று தண்ணீர் குடித்துவிட்டு, சிறுநீரை அடக்கிக்கொண்டு வரச் சொல்வார்கள். நிரம்பிய சிறுநீர்ப்பை கருப்பையின் வளைவைக் கொஞ்சம் நிமிர்த்தும். வயிற்றின் மேல் வைக்கும் ஸ்கேனிலும் படம் தெளிவாகத் தெரியும். வாசனைத் திரவியம் வேண்டாம் என்பார்கள், கருக்களுக்கு அந்த ஆவி ஆகாது. பெயரையும் கணவர் பெயரையும் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். சலிக்காமல் சொல்லுங்கள், கரு மாறிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அது. பிறகு ஸ்பெக்குலம் வைத்து, கருப்பை வாயைத் துடைத்து, மெல்லிய வளையும் குழாயை நுழைப்பார் டாக்டர். பாப் ஸ்மியர் பரிசோதனையில் உணரும் அசௌகரியம்தான் இருக்கும். பக்கத்து அறையிலிருந்து ஆய்வகத்தின் கருவியல் வல்லுநரான எம்ப்ரியாலஜிஸ்ட் ஒரு துளித் திரவத்தில் கருவை ஏற்றிக் கொண்டுவருவார். கருப்பையின் மேல்முனைக்கு ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் முன்னால் அது விடப்படும். திரையில் அப்போது வெள்ளைப் புள்ளி ஒன்று மின்னும். பலர் அதைக் குழந்தையின் முதல் படமாக எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது உடன்சென்ற காற்றும் திரவமும்தான். கரு ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, ஸ்கேனில் தெரியாது. வெளியே வந்த குழாயை எம்ப்ரியாலஜிஸ்ட் நுண்ணோக்கியில் பார்த்து, கரு குழாய்க்குள்ளேயே தங்கிவிடவில்லை என்று உறுதிசெய்த பிறகுதான் எழ விடுவார்கள்.

எழுந்தால் விழுந்துவிடுமோ? இந்தப் பயம் இல்லாத பெண் இல்லை. கருப்பை திறந்த பானை அல்ல. மடித்துவைத்த மஞ்சப்பையின் உள்பக்கங்கள் ஒட்டிக்கிடப்பதுபோல அதன் சுவர்கள் ஒன்றையொன்று தொட்டபடி இருக்கின்றன. நடப்பதோ, தும்முவதோ, அடக்கிவைத்த சிறுநீரைக் கழிப்பதோ கருவை வெளியேற்றாது. நாள்கணக்கில் படுத்தே கிடப்பதால் பலன் இல்லை என்பதை ஆய்வுகள் காட்டிவிட்டன. சிலவற்றில் படுத்திருந்தவர்களுக்கே முடிவு சற்று மோசமாக இருந்தது. ஆனாலும் ஒட்டவில்லை என்றதும் 'மாடிப்படி ஏறினியா?' என்று விசாரணை தொடங்கிவிடுகிறது. ஒட்டாமல் போவதற்குக் கருவின் குரோமோசோம் கோளாறே பெரிய காரணம். அது டிரான்ஸ்ஃபருக்கு முன்பே, முட்டையும் விந்தணுவும் சேர்ந்த கட்டத்திலேயே பெரும்பாலும் தீர்மானமாகிவிட்டது. படிக்கட்டுக்கு அதில் பங்கில்லை.

அன்னாசிப் பழத்தின் நிலைமைதான் வேடிக்கை. கருக்கலைந்துவிடும் என்று நம் வீடுகளில் அதைத் தொடவிட மாட்டார்கள். மேலைநாடுகளிலோ கரு ஒட்டும் என்று டிரான்ஸ்ஃபருக்குப் பிறகு அதன் நடுத்தண்டைத் தேடிச் சாப்பிடுகிறார்கள். இரண்டு நம்பிக்கைக்கும் ஆதாரம் கிடையாது. காசு வாங்கிக்கொண்டு செய்யும் கூடுதல் சிகிச்சைகளிலும் இப்படி உண்டு. கருப்பையின் உட்சுவரை லேசாகச் சுரண்டிவிடும் முறை பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்தது. 2019இல் வெளியான பெரிய ஆய்வு, அதனால் குழந்தைப்பேறு கூடவில்லை என்றது.

பிளாஸ்டோசிஸ்ட் ஓரிரு நாளில் தன் ஓட்டை உடைத்துக்கொண்டு உட்சவ்வில் பதியத் தொடங்கும். அதை உணர முடியாது. மார்பு கனப்பதும், வயிறு உப்புவதும், மலச்சிக்கலும் புரோஜெஸ்டிரோனாலேயே வரும்; அறிகுறி இருக்கிறது என்று மகிழவும் வேண்டாம், இல்லையென்று கலங்கவும் வேண்டாம். லேசாக ரத்தம் பட்டாலும் டாக்டரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தக் கூடாது. முட்டை எடுத்த அதே சுழற்சியில் கரு வைத்தவர்களுக்கு வயிறு வேகமாக வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ, சிறுநீர் குறைந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவர்கள் வீட்டிலேயே அவசரப்பட்டுப் பரிசோதித்தால், முட்டை முதிரப் போட்ட எச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோன் ஊசியின் மிச்சமே இரண்டு கோடு காட்டி ஏமாற்றலாம்.

டிரான்ஸ்ஃபர் முடிந்து ஒன்பதிலிருந்து பதினான்கு நாளுக்குள் 'பீட்டா எச்சிஜி' ரத்தப் பரிசோதனை. கர்ப்பத்தைக் காட்டும் எண் வந்தால் இரண்டு நாள் விட்டு மறுபடி எடுப்பார்கள்; ஏறக்குறைய இரட்டிப்பாக வேண்டும். கர்ப்பத்தின் ஆறேழு வாரத்தில் ஸ்கேனில் இதயத்துடிப்பு தெரியும். எண் வராவிட்டால் மருந்தை நிறுத்தச் சொல்வார்கள், சில நாளில் மாதவிடாய் வந்துவிடும். அடுத்த சந்திப்பில் கேட்க வேண்டியவை: கருவின் தரம் என்ன, உட்சவ்வு எவ்வளவு தடித்திருந்தது, குழாய் எளிதாக நுழைந்ததா, உறைநிலையில் எத்தனை கரு மிச்சம். ஒன்று இருந்தால்கூட, முட்டைக்கான ஊசிகளை மறுபடி தொடங்க வேண்டியதில்லை. உட்சவ்வைத் தயார்செய்து நேராக டிரான்ஸ்ஃபருக்கே போகலாம்.