நாள் மாறினால் யாருக்குத் தெரியும்?

மேட்டூர் அணை 1934 இல் பயன்பாட்டுக்கு வந்தது. காவிரிப் படுகையின் பாசனத்திற்காக ஜூன் 12 இல் அதனைத் திறந்து, ஜனவரி 28 இல் மூடுவது நெடுநாள் வழக்கம். திறந்த நீர் கல்லணையை அடையச் சில நாள்கள் ஆகும். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து கடைமடை வயலுக்குச் செல்ல மேலும் நாள்கள் ஆகும். குறுவைக்கு விதைவிடுவது, நடவுக்கு ஆள் சொல்வது, அறுவடைக்குப்பின் தாளடிக்கு நிலத்தைத் திருத்துவது ஆகிய அனைத்தும் அந்த ஒரு நாளிலிருந்தே எண்ணப்படுகின்றன. தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்கள் ஒரே நாட்காட்டியைப் பகிர்ந்துகொண்டு வாழ்கின்றன என்றே சொல்லலாம்.

ஆனால், அந்த நாள் எப்போதும் நிலைநிற்பதில்லை. 2022 இல் மே 24 அன்றே அணை திறக்கப்பட்டது; 2024 இல் ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. நாள் மாறிய செய்தி தாமதமாகக் கிடைத்தால், முன்னரே விட்ட நாற்று நீரின்றிக் கருகும். தலைமடையில் இருப்பவர் ஆற்றைப் பார்த்தே அறிந்துகொள்வார். கடைமடையில் இருப்பவரோ செய்தியை நம்பியே வாழ்கிறார்.

மின்னஞ்சல் மென்பொருள்களில் அமைந்துள்ள பகிர்நாட்காட்டி தீர்க்க முயல்வதும் இதே சிக்கலைத்தான். ஓர் உழவர் குழு, நடவு எந்திரம் ஒன்றைப் பொதுவாக வைத்திருப்பதாகக் கொள்வோம். எந்திரம் எந்நாளில் யார் வயலுக்கு என்னும் அட்டவணையைக் குழுவின் செயலாளர் மின்னஞ்சலில் இணைத்து அனுப்பினால், இருபது பேரிடம் இருபது நகல்கள் இருக்கும். மழையால் ஒரு நாள் தள்ளிப்போனதும் இருபதும் பிழையாகிவிடும். நகலை அனுப்புவது வேறு, நாட்காட்டியைப் பகிர்வது வேறு. பகிரும்போது மூலம் ஒன்றே. அது சேவையகத்தில் இருக்கும். அவுட்லுக், தண்டர்பேர்டு போன்ற மென்பொருள்கள் அதனைக் குறித்த இடைவெளிகளில் பார்த்துத் தம் திரையைப் புதுப்பித்துக்கொள்கின்றன.

வெவ்வேறு மென்பொருள்கள் ஒரே நாட்காட்டியைப் புரிந்துகொள்வது எவ்வாறு? நிகழ்வுகளை எழுதும் முறைக்கு 1998 இல் ‘ஐகேலண்டர்’ என்னும் பொதுத்தரம் வெளியிடப்பட்டது. இதன்படி ஒவ்வொரு நிகழ்வுக்கும் வேறெதற்கும் இல்லாத அடையாளக்குறி ஒன்று உண்டு. திருத்தத்தைக் காட்டும் வரிசை எண்ணும் உண்டு. தேதி மாறிய அழைப்பு வந்தால், மென்பொருள் அடையாளக்குறியை ஒப்பிட்டுப் பழைய பதிவையே திருத்துகிறது. இந்தச் சிறு ஏற்பாடு இல்லையெனில் ஒரே நடவு இரு நாள்களில் தோன்றிக் குழப்பும். சேவையகத்திலுள்ள நாட்காட்டியைப் படிக்கவும் எழுதவும் உதவும் ‘கேல்டாவ்’ தரம் 2007 இல் வந்தது.

இதனினும் கடினமானது உரிமையைப் பங்கிடுவது. மதகின் திறவுகோல் எல்லாரிடமும் இருப்பதில்லை. அதுபோல நாட்காட்டியிலும் சிலருக்குப் பார்க்கும் உரிமையே போதும். சிலருக்கு ‘அந்நேரம் ஒழிவில்லை’ என்பது தெரிந்தால் போதும், காரணம் தெரிய வேண்டுவதில்லை. மாற்றும் உரிமையை இருவர் அல்லது மூவரிடம் வைப்பது நலம். எல்லாருக்கும் அதனை வழங்கிவிட்டு, அழிந்த பதிவைத் தேடும் அலுவலகங்கள் பல. ஒருவரிடம் மட்டுமே வைப்பதும் தவறு. அவர் விடுப்பில் சென்றால் நாட்காட்டியும் விடுப்பில் செல்லும்.

மேசைக்கணினி மென்பொருளில் ஒரு வசதி, இணைய இணைப்பு இல்லாதபோதும் நாட்காட்டியைத் திறந்து பார்க்க இயலும் என்பது. திரையில் தெரிவது கடைசியாக இணைப்பு இருந்தபோது கிடைத்த நிலையே என்பதை அப்போது நினைவிற்கொள்ள வேண்டும். இணைப்பின்றி இருவர் ஒரே பதிவை வெவ்வேறாகத் திருத்தியிருந்தால், எதனை வைத்துக்கொள்வது எனச் சில மென்பொருள்கள் கேட்கும். எந்திரம் முதலில் யார் வயலுக்குப் போக வேண்டும் என்பதைக் கணினி அறியாது; அதனை அவ்விருவரும் பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும்.