பொழுது சாய்ந்தால் படபடப்பு... காரணம் டி.வி. செய்தியா?

'டாக்டர் சார், பொழுது போனா போதும்... நெஞ்சு பட்டு பட்டுன்னு அடிச்சிக்குது. தாழ்ப்பாள் போட்டுக்கீறனான்னு நாலு வாட்டி எழுந்து பாக்கறேன். கண்ணை மூடினா தூக்கம் வரமாட்டேங்குது. பயமா கீது சார்!'

நெமிலிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த அம்மா அவர். வயது ஐம்பத்தைந்து இருக்கும். மகன் அரக்கோணத்தில் ரயில் பிடித்து சென்னைக்கு வேலைக்குப் போகிறவர். மருமகள் ஷூ கம்பெனி பஸ்ஸில் விடியற்காலை கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவாள். பள்ளிக்கூடம் விட்டு வரும் எட்டு வயதுப் பேரனுக்குப் பாட்டிதான் எல்லாம்.

நாடி பார்த்தேன். வாதம் துள்ளிக்கொண்டு இருந்தது. நாக்கு வறட்சி, மலச்சிக்கல் எல்லாம் கூடவே. ஆனால், படபடப்பு என்று வந்தால் நாடியோடு நின்றுவிடும் ஆள் இல்லை நான். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, இதயக் கோளாறு என்று எதனால் வேண்டுமானாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளலாம். அரசு மருத்துவமனைக்கு அனுப்பி இ.சி.ஜி.யும் ரத்தப் பரிசோதனையும் எடுத்துவரச் சொன்னேன். எல்லாம் நார்மல்!

'ராத்திரி என்னம்மா சாப்பிடறீங்க?'

'ரெண்டு தோசை சார்.'

'சாப்பிடும்போது?'

'டி.வி. பாப்பேன். நியூஸ்தான் சார்... சீரியல் எல்லாம் எனக்குப் புடிக்காது' என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

பிறகு சொல்ல ஆரம்பித்தார். எங்கேயோ ஒரு பாட்டியைக் கொன்றுவிட்டு நகையை எடுத்துக்கொண்டு போனது, பைக்கில் வந்தவன் தாலிச் செயினை அறுத்தது, டியூஷனுக்குப் போன பிள்ளை காணாமல் போனது... நாள், ஊர், போலீஸ் ஸ்டேஷன் பெயர் உட்பட மனப்பாடமாக ஒப்பித்தார். பேரனை இப்போது டியூஷனுக்கு அனுப்புவதில்லை. மாதம் ஒருமுறை சைக்கிளில் போர்வை விற்க வரும் இந்திக்காரர் தெருமுனையில் குரல் கொடுத்தாலே கதவைச் சாத்திவிடுகிறாராம்.

'இதெல்லாம் உங்க தெருவுல நடந்ததாம்மா?'

'இல்ல சார்.'

'உங்க ஊர்ல?'

ரொம்ப நேரம் யோசித்தார். 'பத்து வருஷத்துக்கு முன்னாடி ஒரு மாடு காணாமப் போச்சு சார். அப்புறம் அதுவே வந்துடுச்சி.'

சிரிக்காதீர்கள். அந்த அம்மாவின் படபடப்பு பொய்யில்லை. நாடி பொய் சொல்லாது!

ஒரு திருட்டு, நாற்பது தடவை

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு, லீவுக்கு நான் நெமிலி வரும் நாட்களில் தெருவுக்கு ஒன்றிரண்டு டி.வி. இருந்தால் அதிகம். தூர்தர்ஷனில் ஷோபனா ரவி செய்தி வாசிப்பார். வாசித்து முடித்தால் முடிந்தது. மறுபடி செய்தி வேண்டுமென்றால் காத்திருக்க வேண்டும். 1993-ல் சன் டி.வி. வந்தது. தெருவுக்குத் தெரு கேபிள் கம்பி ஓடியது. பிறகு 24 மணி நேரச் செய்தி சேனல்கள். கூடவே தாலுகா ஊர்களில் உள்ளூர் கேபிள் சேனல்களும் வந்தன. கோயில் திருவிழா, ஜவுளிக்கடை விளம்பரம், நடுவில் அக்கம்பக்கத்துச் செய்தி.

உள்ளூர் செய்தி கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. குடிதண்ணீர் பைப் உடைந்து மூன்று நாள் ஆனதைக் காட்டுவார்கள், நாலாவது நாள் ஆள் வந்துவிடுவார். ஆனால், ஒரு வீட்டில் திருட்டுப் போனால், அந்த சி.சி.டி.வி. காட்சி காலையில் ஓடும், மதியம் ஓடும், ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் சிவப்பு வட்டம் போட்டு, தடதட மியூசிக்கோடு மறுபடி ஓடும். மறுநாள் அதே துண்டு செல்போனில் வரும். நாற்பது தடவை பார்த்தாலும் திருட்டு ஒன்றுதான் என்பது புத்திக்குத் தெரியும். உடம்புக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் இதயம் வேகம் எடுக்கும், ரத்தக்குழாய் இறுகும், வயிறு வேலையை நிறுத்திவிட்டுக் காவலுக்கு நிற்கும். வாயில் இருக்கும் தோசை எப்படி ஜீரணமாகும், சொல்லுங்கள்?

2013 ஏப்ரலில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மாரத்தான் ஓட்டத்தின்போது குண்டு வெடித்தது. அதன் பிறகு கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 4,600-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டறிந்தார்கள். சம்பவத்துக்குப் பிந்தைய வாரத்தில் தினமும் ஆறு மணி நேரத்துக்கு மேல் அந்தச் செய்தியையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு, குண்டு வெடித்த இடத்தில் நேரில் இருந்தவர்களைவிட அதிகமான மன அழுத்த அறிகுறிகள் இருந்தனவாம்! இதற்கெல்லாம் முன்பே, ஜார்ஜ் கெர்ப்னர் என்ற அமெரிக்கப் பேராசிரியர், டி.வி.யை அதிகம் பார்க்கிறவர்களுக்கு உலகமே பொல்லாததாகத் தெரியும் என்று பல வருட ஆராய்ச்சிக்குப் பிறகு சொன்னார்.

நம் சித்த மருத்துவத்தில் பதினான்கு வேகங்கள் என்று உண்டு. அடக்கக்கூடாத இயற்கை உந்துதல்கள். தும்மல், பசி, தாகம் வரிசையில் தூக்கமும் ஒன்று. தூக்கத்தைக் கெடுத்தால் தலைபாரம், கண் சிவப்பு, பேச்சில் தடுமாற்றம் என்று நூல்கள் சொல்லும். பயத்தால் வாதம் கூடும், வாதம் கூடினால் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் சின்னச் சத்தத்துக்கும் பயம் வரும். செக்கு மாடு மாதிரி அதே வட்டம்தான்.

2018 மே மாதம்...

ஒரு பாட்டியின் படபடப்பு அவரோடு போகட்டும் என்று விட்டுவிட முடியாது. ஊருக்கே அந்தப் படபடப்பு வந்தால் என்ன ஆகும் என்பதை நம் பக்கத்து ஜனங்கள் கண்ணால் பார்த்தோம்.

2018 கோடையில், 'பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது' என்று வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் செல்போனில் வதந்தி பரவியது. நெமிலியும் அப்போது வேலூர் மாவட்டம்தான். ராணிப்பேட்டை மாவட்டம் பிரிந்தது 2019 நவம்பரில். முதலில் குடியாத்தம் பக்கம் ஒரு வெளிமாநிலத்தவரை அடித்தே கொன்றார்கள். மே 9-ம் தேதி, சென்னையைச் சேர்ந்த 65 வயது அம்மா ஒருவர், உறவினர்களோடு காரில் குலதெய்வக் கோயிலைத் தேடி போளூர் பக்கம் அத்திமூருக்கு வந்தார். வழி கேட்க நிறுத்திய இடத்தில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். அவ்வளவுதான்! பிள்ளை பிடிப்பவர்கள் என்று ஊரே விரட்டி அடித்தது. அந்த அம்மா இறந்துபோனார். கூட வந்த நால்வரும் பலத்த காயமடைந்தார்கள். அதே வாரம் பழவேற்காட்டில் இன்னொருவரைக் கொன்றார்கள்.

அந்த ஆண்டு நாட்டின் பல ஊர்களில் சுற்றிய 'பிள்ளை கடத்தல்' வீடியோ ஒன்று நினைவிருக்கலாம். பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது பாகிஸ்தானின் கராச்சியில், குழந்தைகள் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம்! கடைசியில் குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டு, எச்சரிக்கைப் பலகையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். ஜூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

வதந்தியைப் பரப்பியது செல்போன். ஆனால், அதை நம்புவதற்கு நம்மைத் தயார் செய்து வைத்திருந்தது எது? தினம் ராத்திரி சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து பார்த்தோமே, அதற்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். அதே மே மாதம், ஒருநாள் விளக்கு வைக்கும் நேரம். கிளினிக்கில் நான் மட்டும். இருபது வயதுப் பையன் ஒருவன் வாசலில் வந்து நின்றான். தமிழ் சரியாக வரவில்லை. 'தவா... மருந்து...' என்றான். கையைத் துணியில் சுற்றி மறைத்திருந்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? 'ஆதார் கார்டு இருக்கா?' என்று கேட்டேன்! முப்பது வருடமாக வைத்தியம் பார்க்கிற நான், நோயாளியின் நாடியைத் தொடும் முன்னால் அடையாள அட்டை கேட்டது அன்று ஒருநாள்தான். அவன் பயந்துபோய்ப் பையைக் கொட்டித் தேடி, கார்டை நீட்டினான். கைத்துணியை அவிழ்த்தால், இரண்டு புறங்கையும் வெடித்து நீர் வடிந்துகொண்டிருந்தது. தோல் தொழிற்சாலையில் குரோம் தண்ணீரில் வெறுங்கையோடு வேலை பார்க்கிறவர்களுக்கு வரும் கரப்பான். நம் ஊர்ப் பிள்ளைகளின் கைகளில் எத்தனை முறை பார்த்திருப்பேன்! வெட்கமாக இருந்தது.

டி.வி.யில் வராத பயங்கள்

இந்தப் பையனின் கை எந்தச் செய்தியிலும் வராது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர்த் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சில நாள் காட்டினார்கள். பிறகு செயின் பறிப்புக்குத் திரும்பிவிட்டார்கள். ராணிப்பேட்டையில் 1995-ல் மூடிய குரோமேட் தொழிற்சாலை விட்டுச்சென்ற குரோமியக் கழிவு லட்சம் டன்னுக்கு மேல். நிலத்தடி நீரைக் கெடுத்த அந்தக் குவியலுக்கு சி.சி.டி.வி. காட்சி கிடையாதே, என்ன செய்வது!

பிள்ளைகள் விஷயத்திலும் அப்படித்தான். டி.வி. பார்க்கிற தாய்மார்கள் போர்வைக்காரரைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். ஆனால், குழந்தைகளிடம் பாலியல் குற்றம் செய்கிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் அந்தக் குழந்தைக்கு முன்பே தெரிந்தவர்கள் என்பதுதான் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருடா வருடம் சொல்லும் கணக்கு. உறவு, பக்கத்து வீடு, தெரிந்த அண்ணன், தெரிந்த மாமா. பிள்ளை ஒருவரைக் கண்டாலே ஒதுங்குகிறது, திடீரென்று படுக்கையில் சிறுநீர் கழிக்கிறது என்றால் அதட்டாமல் மடியில் உட்காரவைத்துக் கேளுங்கள். 1098-க்கு போன் செய்யலாம்.

இன்னொன்று... உங்கள் தெருவில் ஒரு குழந்தைக்கு அப்படி ஏதாவது நேர்ந்து, மைக்கோடு வந்து நின்றால், 'அந்த மூணாவது வீடுதான் சார்' என்று கைகாட்டாதீர்கள். 2012-ம் வருட போக்ஸோ சட்டத்தின் 23-வது பிரிவு, குழந்தையின் பெயர், போட்டோ, குடும்பம், பள்ளிக்கூடம் மட்டுமல்ல, அக்கம்பக்கம் எது என்பதைக்கூட ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்கிறது.

செய்திக்கும் பத்தியம்

அந்த அம்மாவுக்கு நான் எழுதிக் கொடுத்தது இதுதான். செய்தி ஒரு நாளைக்கு ஒரு வேளை, பகலில், அரை மணி நேரம். சாப்பாட்டுத் தட்டோடு கூடாது. பொழுது சாய்ந்த பிறகு கூடவே கூடாது. பேரன் பக்கத்தில் இருக்கும்போது கொலை, கடத்தல் காட்சி வந்தால் உடனே நிறுத்த வேண்டும். டி.வி. ஓடுகிறதே என்று பிள்ளை மேல் கவனம் தப்பவும் கூடாது. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த குழந்தையை மீட்கும் பணியை நாடே டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தபோது, தூத்துக்குடியில் ஒரு வீட்டில் பெற்றோர் அந்த நேரலையில் மூழ்கியிருக்க, அவர்களுடைய இரண்டு வயதுப் பெண் குழந்தை குளியலறைத் தண்ணீரில் மூழ்கி இறந்துபோனது. எழுதவே கை நடுங்குகிறது.

மருந்து அதற்குப் பிறகுதான். வாரம் இரண்டு நாள் நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீர்க் குளியல். குடிக்க சீரகத் தண்ணீர். படுக்கும் முன் வெதுவெதுப்பான அரை டம்ளர் பாலில் கடுகளவு ஜாதிக்காய்ப் பொடி. ஜாதிக்காய் அளவு மீறினால் மயக்கம், படபடப்பு வரும், ஜாக்கிரதை! கர்ப்பிணிகள், குழந்தைகள், தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஜாதிக்காய் வேண்டாம். அமுக்கரா சூரணம் இரண்டு வாரம் கொடுத்தேன். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் அதைத் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. பி.பி. மாத்திரையை யாரும் நிறுத்த வேண்டாம். படபடப்போடு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் இருந்தால் வைத்தியரைத் தேடிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மனபாரம் தாங்கவில்லை என்றால் 14416-ல் இலவசமாகப் பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

'சாயங்காலம் டி.வி. இல்லாம என்ன சார் பண்றது?' என்று கேட்டார். திண்ணையில் உட்காரச் சொன்னேன். 'பக்கத்து வீட்டம்மாவோட பேசி ஆறு மாசம் ஆச்சே' என்று இழுத்தார். ஏதோ ஓரவஞ்சனையாம். அது என் இலாகா இல்லை என்று விட்டுவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து வந்தார். நாடி பரவாயில்லை. ராத்திரி ஐந்து மணி நேரம் தூங்குகிறாராம். தாழ்ப்பாளை இன்னும் இரண்டு முறை பார்க்கிறார். பேரன் டியூஷனுக்குப் போகிறான், இவர் கூடவே போய் விட்டுவிட்டு வருகிறார்.

'போர்வைக்காரர் வந்தாராம்மா?' என்றேன்.

'வந்தான் சார். பக்கத்து வீட்டம்மாவும் நானும் ஆளுக்கு ஒண்ணு பேரம் பேசி வாங்கினோம். சாயம் போவுது சார்... அடுத்த வாட்டி வரட்டும், வெச்சிக்கறேன்!'