கிராண்டின் 1864 போர்த்திட்டம்

கிராண்டின் 1864 போர்த்திட்டம் என்பது அமெரிக்க உள்நாட்டுப் போரின் (1861–1865) இறுதிக் கட்டத்தில் வடக்கு மாநிலங்களின் ஒன்றியப் படைகள் பின்பற்றிய போர் உத்தி ஆகும். குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கனின் அரசியல் எதிர்காலமும் இதன் வெற்றியைச் சார்ந்திருந்தது.

பின்னணி

தெற்குக் கூட்டமைப்பைவிட வடக்கிடம் வீரர்களும் தொழிற்சாலைகளும் அதிகம். ஆயினும் அதன் படைகள் வெவ்வேறு நேரங்களில் தனித்தனியே தாக்கியதால், கூட்டமைப்பு தன் வீரர்களை ஒரு முனையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிச் சமாளித்தது. பல முனைகளில் ஒரே நேரத்தில் தாக்க வேண்டும் என்று லிங்கன் 1862 இலேயே தளபதிகளுக்கு எழுதியிருந்தார்.

செயற்பாடு

1864 மார்ச்சில் யுலிசீஸ் கிராண்ட் தலைமைத் தளபதியானார். மே மாதத்தில் அவர் வர்ஜீனியாவில் ராபர்ட் லீயின் படையைத் தாக்க, அதே வேளையில் வில்லியம் செர்மன் அட்லாண்டாவை நோக்கி முன்னேறினார். தலைநகர் ரிச்மண்டைப் பிடிப்பதைவிட, லீயின் படையை விடாமல் பின்தொடர்ந்து தேய்ப்பதே கிராண்டின் முதல் நோக்கம். இரு மாதங்களுக்குள் வர்ஜீனியாவில் ஏறத்தாழ 55,000 ஒன்றிய வீரர்கள் இறந்தனர், காயமடைந்தனர் அல்லது சிறைப்பட்டனர்.

அரசியல் விளைவு

இவ்விழப்புகளால் வடக்கில் போர் எதிர்ப்பு வலுத்தது. தேர்தலில் தாம் தோற்கக்கூடும் என ஆகஸ்ட் 23 அன்று லிங்கனே ஒரு குறிப்பில் எழுதினார். அதைப் படிக்கக் காட்டாமலேயே அமைச்சர்களிடம் கையொப்பம் பெற்றார். ஆயினும் அவர் கிராண்டை மாற்றவில்லை. செப்டம்பர் 2 அன்று அட்லாண்டா வீழ்ந்ததும் மக்களின் மனநிலை மாறியது. நவம்பர் தேர்தலில் முன்னாள் தளபதி ஜார்ஜ் மெக்லெலனை லிங்கன் 212–21 என்ற வாக்காளர் குழு வாக்குகளில் வென்றார். 1865 ஏப்ரல் 9 அன்று லீ கிராண்டிடம் சரணடைந்தார்.